இருபத்தொரு சீட்டுக்குள் ஒரு வேலி நிலம்

கணக்கு சொல்லித்தரும் சீட்டு விளையாட்டு என்று கடையில் விற்பவற்றில் பலவற்றை வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு சீட்டில் 7 × 8, இன்னொரு சீட்டில் 56, இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். சுற்றி யானை, குரங்கு படம் போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் அது பரீட்சைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி வண்ணம் பூசியது. பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

நல்ல கணக்கு விளையாட்டுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். கணக்கை உருவி எடுத்துவிட்டால் ஆட்டம் நடக்குமா? நடந்தால் அங்கே கணக்கு வெறும் ஒட்டுவேலை. நடக்காமல் நின்றுபோனால், அதுதான் நிஜமான விளையாட்டு. அப்படி ஒன்றை நாமே வீட்டில், அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வைத்துக்கொண்டு உருவாக்க முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு அழகான விஷயத்தை வைத்துக்கொண்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

எல்லாம் தொடங்கியது டாபிள் என்ற விளையாட்டிலிருந்து. வட்டமான தகர டப்பாவில் வரும். அமெரிக்காவில் ஸ்பாட் இட் என்று பெயர். மொத்தம் 55 வட்டச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் எட்டுப் படங்கள். எந்த இரண்டு சீட்டை எடுத்து அருகருகே வைத்தாலும் ஒரே ஒரு படம் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். பொதுப்படமே இல்லாத ஜோடி கிடையாது, இரண்டு பொதுப்படம் உள்ள ஜோடியும் கிடையாது. யார் முதலில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறாரோ அவருக்குச் சீட்டு. அவ்வளவுதான் ஆட்டம், நாலு வயதுக் குழந்தையும் ஆடும். ஆனால் அந்த “ஒரே ஒரு” எப்படிச் சாத்தியம் என்று யோசிக்க ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும்.

இதன் வேர் 1850-க்குப் போகிறது. தாமஸ் கிர்க்மன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு புதிர் போட்டார்: பதினைந்து மாணவியர் ஏழு நாள்கள் மூவர் மூவராக நடந்து போக வேண்டும், எந்த இருவரும் இரண்டாவது முறை ஒரே வரிசையில் வரக்கூடாது. இந்தப் புதிரின் மேல் ஆசைப்பட்ட ஜாக் கோத்தரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1976-ல் பூச்சிப் படங்களை வைத்து 31 சீட்டுகள் செய்தார், சீட்டுக்கு ஆறு பூச்சி. பல வருடம் கழித்து அந்தச் சீட்டுகளில் சில தெனி பிளான்ஷோ என்பவர் கண்ணில் பட, 2009-ல் டாபிள் கடைக்கு வந்தது. நூற்றைம்பது வருடம் கணித ஏடுகளில் இருந்த ஒரு கருத்து குழந்தைகளின் கைக்கு வந்து சேர்ந்த கதை இது.

இப்போது ஒரு பென்சில் எடுங்கள். இதன் சின்ன வடிவத்தை இரண்டு நிமிடத்தில் நீங்களே செய்துவிடலாம். ஏழு சீட்டுகள், சீட்டுக்கு மூன்று எண்கள். முதல் சீட்டு 1-2-4. அடுத்த சீட்டுக்கு எல்லா எண்ணையும் ஒன்று கூட்டுங்கள்: 2-3-5. கடிகாரத்தில் 12-க்குப் பிறகு 1 வருவதுபோல இங்கே 7-க்குப் பிறகு 1. அப்படியே போனால் 3-4-6, 4-5-7, 5-6-1, 6-7-2, 7-1-3. முடிந்தது. எந்த இரண்டு சீட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், பொது எண் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஏழு சீட்டில் 21 ஜோடிகள். இருபத்தொன்றையும் உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம். ஜினோ ஃபானோ என்ற இத்தாலியக் கணிதர் 1892-ல் எழுதிய வடிவம் இது. சீட்டைக் கோடு என்றும், எண்ணைப் புள்ளி என்றும் நினைத்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும். எந்த இரண்டு கோடும் ஒரே ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும் உலகம் இது, இங்கே இணைகோடுகளே கிடையாது!

இதுவரை இருப்பது மற்றவர்கள் கண்டுபிடித்தது. என்னைத் தூக்கிவாரிப்போட்டது இதற்கு அடுத்த படி.

டாபிளில் பொருந்துவது ஒரே படம்: பூனைக்குப் பூனை. அங்கே ஒரே படத்துக்குப் பதில் ஒரே மதிப்பை, வேறு வேறு வேடத்தில் வைத்தால்? ஏழு எண்களுக்குப் பதிலாக ஏழு மதிப்புகள்: ½, ¼, ¾, ⅕, ⅖, ⅗, ⅘. சீட்டில் முதல் இடத்தில் வருவதைப் பின்னமாக எழுதுவது, இரண்டாம் இடத்தில் வருவதைத் தசமமாக, மூன்றாம் இடத்தில் வருவதைச் சதவீதமாக. அப்படியானால் 1-2-4 என்ற சீட்டு ½, 0.25, 20% ஆகிறது. 5-6-1 என்பது ⅖, 0.6, 50%. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பார்வைக்கு ஒன்றுமே பொதுவாக இல்லை. ஆனால் ½-ம் 50%-ம் ஒன்று என்று தெரிந்தவருக்குச் சீட்டு கிடைக்கும்.

இதில் ஒளிந்திருக்கும் அதிசயம் என்னவென்றால், இரண்டு சீட்டு சந்திக்கும்போது அந்தப் பொது மதிப்பு ஒருபோதும் இரண்டிலும் ஒரே வேடத்தில் இருக்காது. நாம் எந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு மதிப்பும் முதல் இடத்தில் ஒரே சீட்டில்தான் வரும், இரண்டாம் இடத்தில் ஒரே சீட்டில்தான், மூன்றாம் இடத்திலும் அப்படியே. ஆகவே பின்னத்துக்குப் பின்னம், தசமத்துக்குத் தசமம் என்று வெறும் கண்ணால் பொருத்த வழியே இல்லை. உறவு தெரிந்தால்தான் ஆட முடியும். என் சோதனையை நினைத்துப் பாருங்கள்: கணக்கை உருவி எடுத்தால் இந்த ஆட்டத்தில் மிச்சம் ஒன்றுமே இல்லை.

மூன்று வேடத்துக்கு ஏழு சீட்டு. நான்கு வேடத்துக்குப் பதின்மூன்று. ஐந்து வேடம் வேண்டுமென்றால் இருபத்தொன்று. சீட்டும் இருபத்தொன்று, மதிப்பும் இருபத்தொன்று. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை சமமான படிகளில் ஏறி, சரியாக இருபத்தொரு மதிப்புகள் எங்கே கிடைக்கும்?

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் இந்நேரம் பதில் சொல்லியிருப்பீர்கள். மா!

தமிழ்க் கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. டெல்டாவில் இன்றைக்கும் நிலத்தை மா கணக்கில்தான் பேசுகிறார்கள்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இன்றைய அளவில் ஒரு மா என்றால் 33 சென்ட், ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றுமில்லாததில் தொடங்கி, ஒரு மா, இரு மா என்று ஒரு வேலி வரைக்கும் எண்ணினால் இருபத்தொரு மதிப்புகள். கணக்கு கேட்ட எண்ணிக்கை அப்படியே நம் வயலில் கிடந்தது! அன்றைக்கு நான் அடைந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்ல!

ஐந்து வேடங்கள் இவை: பின்னம், தசமம், சதவீதம், வயல் படம், தமிழ்ப் பெயர். வயல் படம் என்பது வரிசைக்கு ஐந்து கட்டமாக நான்கு வரிசை, மொத்தம் இருபது கட்டம். நட்டதற்குப் பச்சை, மற்றதெல்லாம் வெறும் கட்டம். ஐந்து மா ஒரு கால் ஆகையால் ஒவ்வொரு வரிசையும் ஒரு கால். பதினாறு கட்டம் பச்சையாக இருந்தால் மூன்று வரிசை முழுசாகவும் நான்காவதில் ஒரு கட்டமும் நிறைந்திருக்கும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? முக்காலே ஒருமா. படத்தைப் பார்த்து வாசித்தாலே பெயர் வந்துவிடுகிறது! நெடுக்காகப் பார்த்தால் ஒவ்வொரு பத்தியிலும் நான்கு கட்டம், அதாவது நாலுமா, ஐந்தில் ஒரு பங்கு. பதினாறு கட்டத்தை அப்படி அடுக்கினால் நான்கு பத்தி, ஐந்தில் நான்கு, 0.8. முக்காலே ஒருமாவும் 0.8-ம் எப்படி ஒன்றாகும் என்று எந்த விளக்கமும் தேவைப்படவில்லை, அதே வயலை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தால் போதும்.

சீட்டு எழுதும்போது சில விஷயங்களில் பிடிவாதமாக இருந்தேன். பின்னத்தைச் சுருக்கித்தான் எழுத வேண்டும். 14/20 என்று எழுதினால் பதினான்கு கட்டத்தை எண்ணியே பொருத்திவிடுவார்கள்; 7/10 என்றால்தான் யோசனை ஓடும். 0.80 என்று எழுதக்கூடாது, 80% அருகில் வந்தால் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஆகவே 0.8. 0.45-க்கும் 45%-க்கும் ஒன்றும் செய்ய முடியாது, அவை புதிதாக ஆட வருகிறவர்களுக்குக் கிடைக்கும் எளிய சீட்டுகளாக இருக்கட்டும். ஐந்து வேடங்களும் சீட்டுக்குச் சீட்டு வேறு மூலையில், வேறு சாய்வில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடத்தைப் பார்த்தே கண் பழகிவிடும். வண்ணத்தால் எந்தக் குறிப்பும் தரக்கூடாது. விடை அச்சிட்ட தாள் கூடவே கூடாது. தகராறு வந்தால் ஆடுகிறவர்களே பேசி நிரூபிக்கட்டும், அந்தச் சண்டைதான் ஆட்டத்தின் சாரம்.

முழுக்கட்டு தயாரானதும் மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் பேத்தியும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து ஆடினார்கள். பெரியப்பா ஈஸிசேரிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் கிடந்த சீட்டில் ¾, 0.8, 95%, எட்டுக் கட்டம் பச்சையான ஒரு வயல், அரை. பேத்தியின் கையில் 0/1, 0.05, 20%, பதினான்கு கட்டம் பச்சை, முக்காலே ஒருமா. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முக்காலே ஒருமான்னா எவ்வளவு தாத்தா?”

“முக்கா வேலி எத்தினி மா?”

“அஞ்சு மூணு பதினஞ்சு.”

“அதோட ஒண்ணு.”

“பதினாறு. இருபதுல பதினாறு… எண்பது பர்சென்ட்… தாத்தா, பாயின்ட் எட்டு!” என்று கத்தி நடுவில் இருந்த சீட்டை அறைந்து எடுத்தாள்.

அதற்குப் பிறகு பெரியப்பா ஈஸிசேரில் இருக்கவில்லை. தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். சதவீதத்தில் பேத்திக்கு வேகம், வயலிலும் பெயரிலும் அவருக்கு வேகம். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. பச்சையே இல்லாத வெறும் வயலைப் பார்த்ததும் “இது தரிசு” என்றார். அதுவரை பூஜ்யத்துக்கு நான் வைத்திருந்த பெயரை அடித்துவிட்டுத் தரிசு என்றே எழுதிவிட்டேன். எழுபது வயதுக்காரரும் பன்னிரண்டு வயதுக்காரியும் சமபலத்தில் மோதிக்கொள்ளும் கணக்கு விளையாட்டு வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

இருபத்தொரு சீட்டில் மொத்தம் 210 ஜோடிகள். ஒவ்வொரு மதிப்புக்கும் ஐந்து வேடம். ஐந்து வேடத்தில் இரண்டிரண்டாக எடுத்தால் பத்து சமன்கள். இருபத்தொரு மதிப்புக்கு 210 சமன்கள். ஜோடியும் 210, சமனும் 210! ½ = 50% என்ற சமன் கட்டு முழுவதிலும் ஒரே ஒரு ஜோடியில்தான் வரும். 7/20-ம் காலே இருமாவும் ஒன்று என்பது வேறொரு ஜோடியில். ஒன்று விடாமல், ஒன்று திரும்ப வராமல், எல்லாச் சமன்களும் இருபத்தொரு அட்டைக்குள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இதே 210 பயிற்சிக் கணக்கு போட வேண்டுமென்றால் எத்தனை பக்கம் ஆகும்!

வேகமாக ஆடப் பிடிக்காத பிள்ளைகளுக்கு இன்னொரு ஆட்டம் வைத்திருக்கிறேன், உண்மையில் எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். ஒரு சீட்டை ஒளித்துவிட்டு மற்ற இருபதையும் பரப்பிவைக்க வேண்டும். ஒளித்த சீட்டில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு மதிப்பும் ஐந்து முறை வரவேண்டும். நான்கு முறையே வந்திருக்கும் மதிப்புகளைத் தேடிப் பிடித்தால் அந்த ஐந்தும் ஒளித்த சீட்டில் இருப்பவை. எந்த வேடம் குறைகிறதோ அந்த வேடத்தில்தான் அங்கே இருக்கிறது. காணாத சீட்டை முழுசாக எழுதிக் காட்டிவிடலாம். டாபிளிலும் இதே துப்பறிதல் நடக்கும்: சீட்டுக்கு எட்டுப் படம் என்ற வடிவத்துக்கு 57 சீட்டு வரவேண்டும், பெட்டியில் இருப்பதோ 55. எந்தெந்தப் படம் குறைகிறது என்று எண்ணிப்பார்த்து, இல்லாத இரண்டு சீட்டையும் நாமே வரைந்துவிடலாம். பனிமனிதன் படம் மட்டும் ஆறு முறைதான் வரும், ஏனென்றால் இல்லாத இரண்டு சீட்டுக்கும் பொதுவான படம் அதுதான்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? கோத்தரோவின் பூச்சிச் சீட்டுகளில் ஆறு படம், டாபிளில் எட்டுப் படம். ஏழு படம் உள்ள கட்டு ஏன் இல்லை? அப்படி ஒரு கட்டு இருந்தால் அதில் 43 சீட்டு இருக்க வேண்டும். ஆனால் அதை உருவாக்கவே முடியாது! 36 படை அதிகாரிகளை வரிசையில் நிறுத்தும் ஆய்லரின் புதிரைக் காஸ்டன் டாரி 1901-ல் ஆராய்ந்து, அது நடக்காது என்று காட்டினார். ஏழு படக் கட்டு இருந்திருந்தால் அந்த வரிசையும் கிடைத்திருக்கும், ஆகவே அதுவும் அங்கேயே அடிபட்டுப்போனது. பதினொரு படம், 111 சீட்டு என்ற கட்டும் கிடையாது. கிளெமென்ட் லாம் குழுவினர் 1989-ல் கணினியை நெடுங்காலம் ஓட்டித்தான் அதை உறுதிசெய்தார்கள். பதின்மூன்று படம், 157 சீட்டு? அது இருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. திண்ணையில் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்திலிருந்து நாலு அடி எடுத்துவைத்தால், யாரும் தீர்க்காத கேள்வியின் வாசலில் நிற்கிறோம். இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பரவசத்தில் செட் விளையாட்டை மறந்துவிடக்கூடாது. 1974-ல் கேம்பிரிட்ஜில் மார்ஷா ஃபால்கோ என்ற மரபியலாளர் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களின் வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாய்களின் மரபுக் குறிப்புகளை அட்டைகளில் அடையாளக்குறி போட்டுக் குறித்துவைத்தபோது பிறந்தது அது: 81 சீட்டு, எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றோடு சேரும் மூன்றாவது சீட்டு ஒன்றே ஒன்று. அங்கே எழுதிய எண்ணே கிடையாது, வடிவம், நிறம், நிரப்பு, எண்ணிக்கை என்ற உறவுகள் மட்டும்தான். அருமையான ஆட்டம். இருந்தாலும் வீட்டில் செய்து பார்க்கத் தொடங்குகிறவருக்கு என் ஓட்டு மா சீட்டுக்குத்தான். அதன் விதி அவ்வளவு சின்னது.

விதி இதுதான். சீட்டுகளுக்கு 0 முதல் 20 வரை எண் கொடுங்கள். ஒரு சீட்டின் எண் எவ்வளவோ அத்தனை மாவைப் பின்னமாக எழுதுங்கள். அதோடு 1 கூட்டித் தசமம், 4 கூட்டிச் சதவீதம், 14 கூட்டி வயல் படம், 16 கூட்டித் தமிழ்ப் பெயர். கூட்டியது 21-ஐ எட்டினாலோ தாண்டினாலோ 21-ஐக் கழித்துவிடுங்கள். பத்தாம் சீட்டைப் போட்டுப் பாருங்கள்: ½, 0.55, 70%, மூன்று கட்டம் பச்சை, கால். இந்த 0, 1, 4, 14, 16 என்ற ஐந்து எண்களுக்கு இடையே, அந்தச் சுற்றுக் கணக்கில், 1 முதல் 20 வரை ஒவ்வொரு வித்தியாசமும் ஒரே ஒரு முறை வரும். அதனால்தான் ஒவ்வொரு ஜோடிச் சீட்டும் ஒரே ஒரு இடத்தில் சந்திக்கின்றன. இப்படிப்பட்ட எண் தொகுதிகளை எப்படிப் பெறுவது என்று ஜேம்ஸ் சிங்கர் 1938-ல் காட்டினார். டாபிள் அளவுக்குப் பெரிய கட்டு வேண்டுமென்றால் 0, 1, 3, 13, 32, 36, 43, 52 என்று எடுத்து, 57-ல் சுற்றிக்கொள்ளுங்கள்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையே போதும். நன்றாக இருக்க வேண்டுமென்றால் டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 300 ஜி.எஸ்.எம். போர்டில் அடித்து, மேட் லேமினேஷன் போட்டு, மூலையை வளைவாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆனால் முதல் கட்டைப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கையாலேயே எழுதுங்கள். பாதி கணக்கு எழுதும்போதே பிடிபட்டுவிடும். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் ஊர் அளவைகளை வைத்துச் செய்யலாம், வீசம், அரைக்கால் என்று எவ்வளவோ இருக்கின்றன. ஆசிரியர்கள் இதை ஒரு வகுப்பிலாவது ஆடிப் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் முதல் சீட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.